கட்டுகிறவன் யார்?

தமிழில் 'கடன்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. செய்தே தீரவேண்டிய கடமை ஒன்று; திருப்பித் தரவேண்டிய பணம் மற்றொன்று. விடியலில் எழுந்து முடிப்பது காலைக்கடன். தெய்வத்துக்கு நேர்ந்துகொண்டது நேர்த்திக்கடன். இறந்தவர்க்குச் செய்வது நீத்தார் கடன். கடைக்காரரிடம் சொல்லி வாங்கி வந்த ஒரு படி அரிசியும் கடன்தான். ஜெர்மானிய மொழியில் கடனைக் குறிக்கும் 'ஷுல்ட்' என்ற சொல்லுக்கும் இரண்டாவது பொருள் ஒன்று இருக்கிறது. அது குற்றம் என்பது. ஒரு மொழி கடன்பட்டவனைக் கடமைப்பட்டவன் என்கிறது. மற்றொரு மொழி அவனைக் குற்றம் சுமந்தவன் என்கிறது. சொல்லைக் கொண்டு ஒரு சமுதாயத்தின் மனத்தை அளந்துவிட முடியாதுதான். ஆனாலும் இந்த இரண்டு சொற்களும் நம் முன் ஒரு கேள்வியை வைத்துவிட்டுப் போகின்றன. கடன் குற்றமா, கடமையா?

நம் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் தயக்கமின்றி விடை சொல்வார்கள். கடன் இல்லாமல் குடிக்கும் கூழ், கடன் வாங்கி உண்ணும் விருந்தைவிட மேல் என்பார்கள். இன்றைய இளைஞரைக் கேட்டால், கடன் வாங்காமல் வீடு ஏது, படிப்பு ஏது, தொழில் ஏது என்று திருப்பிக் கேட்பார். இருவர் பேச்சிலும் உண்மை இருக்கிறது. இருவர் பேச்சிலும் ஒரு குறையும் இருக்கிறது. கடன் என்பது ஒரே பொருள் என்று இருவருமே எண்ணிக்கொள்கிறார்கள். அது அப்படி இல்லை.

இரண்டு தந்தையரை நினைத்துப் பாருங்கள். ஒருவர் மகளைக் கல்லூரியில் சேர்க்க 2 லட்சம் ரூபாய் கடன் வாங்குகிறார். மற்றவர் மகளின் கல்யாணத்தை ஊர் மெச்ச நடத்த அதே 2 லட்சம் வாங்குகிறார். வட்டி ஒன்றே, தவணை ஒன்றே, புரோநோட்டில் எழுதிய வாசகமும் ஒன்றே. முதல் வீட்டில் அந்தப் பணம் மகளின் அறிவாக மாறுகிறது. நாளைக்கு அவளே சம்பாதித்துத் தவணையைக் கட்ட முடியும். இரண்டாம் வீட்டில் அது மூன்று நாள் பந்தலாகவும் வாழை இலையாகவும் மாறிவிடுகிறது. மேளம் ஓய்ந்து, சொந்தக்காரர்கள் ஊர் திரும்பிய பிறகு, அந்தக் கடனைக் கட்டப்போகிறவன் யார்? பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருக்கும் அவளுடைய தம்பி. அவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் விருந்தில் பரிமாறினான், அவ்வளவே. ஆனால் அவனுடைய மேற்படிப்பு அந்தப் பந்தலில் எரிந்த விளக்குகளோடு சேர்ந்து எரிந்துவிட்டது.

இந்தத் தம்பியை நாம் மறந்துவிடக்கூடாது. கடனைப் பற்றிய அறம் முழுவதும் அவனைச் சுற்றித்தான் இருக்கிறது. கடன் வாங்குகிறவன் ஒருவன், அதை அனுபவிக்கிறவன் ஒருவன், கட்டுகிறவன் ஒருவன். மூவரும் ஒருவராகவே இருந்தால் அந்தக் கடன் அவருடைய சொந்த விஷயம். அதில் புத்திசாலித்தனமும் முட்டாள்தனமும் இருக்கலாம், பாவம் இல்லை. மூவரும் வெவ்வேறு ஆட்களாகப் பிரியும்போதுதான் அங்கே நியாயம் அநியாயம் என்ற பேச்சு பிறக்கிறது.

நம் நாட்டுப் பழைய சட்டம் இந்த நுட்பத்தை அறிந்திருந்தது. தந்தை பட்ட கடனை மகன் தீர்ப்பது அவனுடைய சமயக் கடமை என்று இந்துச் சட்டம் நெடுங்காலம் சொல்லி வந்தது. ஆனால் அதே சட்டம் ஒரு விலக்கும் வைத்தது. சூதாட்டத்துக்கும் குடிக்கும் வாங்கிய கடன் போன்ற ஒழுக்கக்கேடான கடன்கள் மகனைக் கட்டுப்படுத்தா. 'இது எதற்காக வாங்கிய கடன்?' என்று கேட்கும் உரிமை மகனுக்கு இருந்தது. பிறகு 2005ஆம் ஆண்டில் இந்து வாரிசுரிமைச் சட்டம் திருத்தப்பட்டபோது, அதற்குப் பின் வாங்கும் கடன்களுக்கு மகனுடைய அந்தச் சமயக் கடமை என்பதே எடுக்கப்பட்டது. மகன் என்ற ஒரே காரணத்துக்காகத் தந்தையின் கடனை ஒருவன் தலையில் கட்ட முடியாது என்ற இடத்துக்குச் சட்டம் வந்துவிட்டது. இந்தச் செய்தியை மனத்தில் வைத்துக்கொள்வோம். கட்டுரையின் இறுதியில் இது நமக்குத் தேவைப்படும்.

முதலில் தன் கடனைத் தானே கட்டுகிறவனைப் பார்ப்போம். அவனுக்குத் தெரியவேண்டியது கணக்கு ஒன்றுதான். ஆனால் அந்தக் கணக்கைத்தான் அவனிடமிருந்து நாகரிகமாக மறைத்து வைக்கிறார்கள். நம் ஊர்ப்பக்கத்தில் 'இரண்டு வட்டி', 'மூன்று வட்டி' என்று பேசுவது வழக்கம். நூற்றுக்கு மாதம் 2 ரூபாய், 3 ரூபாய் என்று பொருள். மூன்று வட்டி என்று கேட்டாலே முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. அவர்களே பாங்கில் கொடுத்த கடன் அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பெருமையோடு கடைக்குள் நுழைகிறார்கள். குறித்த நாளில் முழுத் தொகையையும் கட்டிவிட்டால் அந்த அட்டை நல்ல வேலைக்காரன். கட்டத் தவறினால், பல அட்டைகளில் மாதம் மூன்றரை சதவீதம் வரை வட்டி ஏறுகிறது. ஆண்டுக்கு 42 ரூபாய் என்று தோன்றும். வட்டிக்கு வட்டி சேர்த்துப் பார்த்தால் 51 ரூபாய். ஊர் வட்டிக்கடையில் மூன்றரை வட்டி என்றால் கொள்ளை. கண்ணாடிக் கதவு போட்ட இடத்தில் அதுவே வசதி.

10,000 ரூபாய் பாக்கி வைத்த ஒருவரிடம், 'இம்மாதம் குறைந்தபட்சம் 500 ரூபாய் கட்டினால் போதும்' என்று சீட்டு வருகிறது. அவர் நிம்மதியாக 500 கட்டுகிறார். அதில் 350 வட்டிக்குப் போய்விடும். முதலில் குறைவது 150 தான். அடுத்த மாதமும் ஏறக்குறைய இதே கதை. 'போதும்' என்ற அந்த ஒரு சொல்லுக்காக அவர் ஆண்டுக்கணக்கில் விலை கொடுக்கிறார். அதில் பொய் எதுவும் இல்லை. எல்லாம் சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கிறது. ஆனால் பொய் சொல்லாமல் இருப்பது வேறு, உண்மையை விளங்கச் செய்வது வேறு. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடத்தில்தான் எத்தனையோ குடும்பங்களின் மாதச் சம்பளம் காணாமற் போகிறது.

முன்பெல்லாம் ஒருவனுடைய நாணயத்தை ஊர் அறிந்திருந்தது. 'அவன் வாக்கு மாறமாட்டான்' என்ற ஒரு பேச்சு போதும், கைமாற்றுக் கிடைத்துவிடும். இப்போது அந்த வேலையை ஓர் எண் செய்கிறது. 2000ஆம் ஆண்டில் தொடங்கிய சிபில் என்ற நிறுவனம், கடன் வாங்கியவர் ஒவ்வொருவருக்கும் 300 முதல் 900 வரை ஒரு மதிப்பெண் போடுகிறது. தவணையை நாள் தவறாமல் கட்டினால் எண் ஏறும், தவறினால் இறங்கும். மனிதனை எண்ணாக்கிவிட்டார்களே என்று வருந்துகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்த வருத்தம் முழுவதும் இல்லை. ஊர் என்று நாம் பெருமையாகச் சொல்கிறோமே, அந்த ஊரின் நினைவில் எல்லாருக்கும் இடம் இருந்ததா? எந்தத் தெருவில் பிறந்தவன் என்று பார்த்துத்தானே வாக்கை நம்பினார்கள்? எண் தெருவைக் கேட்பதில்லை. அந்த அளவுக்கு அது ஊரைவிட நியாயமானது.

ஆனால் எண்ணுக்குக் காது இல்லை. மனைவி மருத்துவமனையில் கிடந்த மாதத்தில் தவறிய தவணையும், உல்லாசப் பயணம் போய்த் தவறிய தவணையும் அதற்கு ஒன்றே. இன்னொரு வேடிக்கையும் உண்டு. வாழ்நாள் முழுவதும் ஒரு காசு கடன் வாங்காதவருக்கு அங்கே மதிப்பெண்ணே கிடையாது. பெரியவர்கள் போற்றிய அந்த உத்தமர் பாங்கின் கண்ணுக்கு முன்பின் தெரியாத அந்நியர். இந்த எண் அளப்பது ஒழுக்கத்தை அன்று; கட்டும் வழக்கத்தை மட்டுமே. அதை ஒழுக்கம் என்று எடுத்துக்கொண்டு தலை நிமிர்கிறவரும், அதற்காகத் தலை குனிகிறவரும் ஒரே தவற்றைத்தான் செய்கிறார்கள்.

இதுவரை வாங்கியவனைப் பற்றியே பேசினோம். கொடுத்தவனுக்குக் கடமை இல்லையா? தமிழர் நேரடியாகச் சம்பந்தப்பட்ட ஒரு வரலாறு இங்கே நினைவுக்கு வருகிறது. நகரத்தார் பர்மாவுக்குச் சென்று, ஐராவதி ஆற்றுக் கழிமுகத்தில் நெல் விளைத்த விவசாயிகளுக்குக் கடன் கொடுத்தார்கள். அந்தப் பணம் இல்லாமல் அவ்வளவு பெரிய சதுப்புக் காடு உலகத்துக்கே அரிசி அனுப்பும் வயலாக மாறியிருக்காது. அவர்கள் எழுதிய கணக்கு ஒழுங்கான கணக்கு. நிலத்தைப் பிடுங்குவது அவர்கள் நோக்கமும் அன்று. பணம் பணமாகத் திரும்பி வருவதையே அவர்கள் விரும்பினார்கள். ஆனால் 1930ஐ ஒட்டி உலகெங்கும் பொருளாதார மந்தம் வந்தது. நெல் விலை பாதிக்கும் கீழே விழுந்தது. விவசாயி எப்போதும் போல உழைத்தான். வயலும் எப்போதும் போல விளைந்தது. ஆனால் விளைச்சலை விற்று வட்டி கட்ட முடியவில்லை. அடமானம் வைத்த நிலம் கைமாறியது. கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் 1930ஆம் ஆண்டு சுமார் 6 சதவீத நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. 1938இல் அது ஏறத்தாழ 25 சதவீதம்.

இதில் யார் குற்றவாளி? ஏமாற்றியவர் யாரும் இல்லை. ஒப்பந்தப்படியே எல்லாம் நடந்தது. இருந்தும் ஒரு தேசத்தின் விவசாயி தன் வயலில் குத்தகைக்காரன் ஆனான். அந்தக் கசப்பு நெடுநாள் தீரவில்லை. பின்னால் யுத்தமும் நிலச் சீர்திருத்தமும் வந்து, கொடுத்தவர்களும் அங்கே தேடியதையெல்லாம் இழந்தார்கள். வட்டி வாங்குவதற்கு நாம் சொல்லும் நியாயம் என்ன? 'பணம் திரும்பாமல் போகலாம். அந்த அபாயத்தை நான் ஏற்கிறேன். அதற்குக் கூலி வட்டி' என்பதுதானே? அப்படியானால் முழு நிலத்தையும் ஈடாக வாங்கி, அபாயம் முழுவதையும் விவசாயியின் தோளில் இறக்கி வைத்த பிறகு, அந்தக் கூலியின் பொருள் என்ன? விலை வீழ்ச்சி இருவர் மீதும் விழுந்த இடி. அதன் பாரத்தை ஒருவனே சுமக்கவேண்டும் என்று எழுதிய பத்திரம் சட்டப்படி சரியாக இருந்தது. தர்மத்தின்படி அது பாதிப் பத்திரந்தான்.

'நான் யாருக்கும் கடன் கொடுக்கவில்லையே, இந்தப் பேச்சு எனக்கு எதற்கு?' என்று நினைக்கிறவர்கள் இருக்கலாம். பாங்கிலோ தபாலாபீசிலோ நூறு ரூபாய் போட்டு வைத்திருக்கிற எவரும் கடன் கொடுத்தவரே. சேமிப்பைப் பற்றி நாம் வழக்கமாகக் கேட்கும் பாடம் பெருக்கல் வாய்ப்பாடு. மாதம் 1,000 ரூபாய் வீதம் 30 ஆண்டுகள் 8 சதவீதத்தில் சேர்த்தால், போட்டது 3 லட்சத்து 60 ஆயிரம். கையில் வருவது ஏறக்குறைய 14 லட்சத்து 90 ஆயிரம். 10 ஆண்டு தாமதித்து, 20 ஆண்டுகள் மட்டும் சேர்த்தால் 5 லட்சத்து 89 ஆயிரந்தான். கடன் அட்டைக்காரரை அழுத்திய அதே வட்டிக்கு வட்டி இவரைத் தூக்கிவிடுகிறது. விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் 12 ஆண்டில் பணத்தின் வாங்கும் சக்தி பாதியாகிவிடும் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்கவேண்டும். இவை எல்லாரும் கற்கவேண்டிய பாடங்கள், பள்ளிக்கூடத்திலேயே கற்பிக்கலாம். ஆனால் இந்த வாய்ப்பாட்டில் ஒரு கேள்வி விடுபட்டுப் போகிறது. கூடுதலாக வந்த 11 லட்சத்துச் சொச்சத்தைக் கொடுத்தது யார்? பணம் மரத்தில் காய்ப்பதில்லை. எங்கோ ஒருவர் வீட்டுக் கடனுக்குத் தவணை கட்டினார். எங்கோ ஓர் ஆலையில் ஒருவர் இரவு வேலை பார்த்தார். அரசாங்கம் யாரிடமோ வரி வாங்கியது. நம் வட்டி இன்னொருவர் வியர்வை.

இந்தக் கேள்வியைக் கேட்காததன் பலனைச் சென்னை ஒரு முறை கண்டது. அர்பத்நாட் கம்பெனி என்றால் அந்நாளில் நாணயம் என்று பொருள். விதவைகளும் ஓய்வு பெற்ற உத்தியோகஸ்தர்களும் தங்கள் ஆயுள் சேமிப்பை அங்கே போட்டு வைத்திருந்தார்கள். பணம் எங்கே போகிறது, எந்தச் சூதாட்டத்தில் இறங்குகிறது என்று யாரும் கேட்கவில்லை; அவ்வளவு பெரிய துரையிடம் போய்க் கேட்பதா? 1906ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் தேதி கம்பெனி கதவை மூடியது. ஸர் ஜார்ஜ் அர்பத்நாட் 18 மாதக் கடுங்காவல் தண்டனை பெற்றார். போட்டவர்கள் எத்தனை பேர் குடி முழுகிப் போனார்கள்! அந்தச் சாம்பலிலிருந்து ஒரு நல்லதும் பிறந்தது. வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோர் முயன்று 1907 ஆகஸ்ட் 15இல் இந்தியன் பாங்கைத் தொடங்கினார்கள். பின்னாளில், 1962 ஜனவரி முதல், பாங்கில் போடும் பணத்துக்கு இன்ஷூரன்ஸும் வந்தது. முதலில் அந்தப் பாதுகாப்பு ஒருவருக்கு 1,500 ரூபாய் வரைதான். 2020இல் அது 5 லட்சமாக உயர்ந்தது. ஆயினும், 'மாதம் நூற்றுக்கு பத்து தருகிறோம்' என்ற விளம்பரத்தைக் கண்டு நகையை விற்றுப் பணத்தைக் கொட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களை மோசடிக்காரன் ஏமாற்றுகிறான் என்பது முக்கால் உண்மை. 'இந்தப் பத்தைக் கட்டப்போகிறவன் யார்?' என்று கேட்க மறுத்த ஆசை மீதிக் கால்.

இனி அரசாங்கத்தின் கணக்குக்கு வருவோம். இது நமக்குத் தூரத்து விஷயம் அன்று. பாங்குகள் தம்மிடம் சேரும் டெபாசிட்டில் ஒரு பங்கை, பெரும்பாலும் அரசாங்கக் கடன் பத்திரங்களாக, ஒதுக்கி வைக்கவேண்டும் என்பது விதி. 2020 முதல் அந்தப் பங்கு 18 சதவீதம். ஆகவே கிராமத்துப் பாட்டி பாங்கில் போட்ட நூறு ரூபாயில் ஒரு பகுதி டில்லிக்குப் போய்ச் சேருகிறது. பாட்டி அரசாங்கத்துக்குக் கடன் கொடுத்தவள். தீப்பெட்டி வாங்கும்போது வரி கொடுத்து, அந்தக் கடனுக்கு வட்டி கட்டுகிறவளும் அவளே. ரேஷன் அரிசி வாங்கும்போது அதை அனுபவிக்கிறவளும் அவளே. இந்த மூன்று பாத்திரங்களும் ஒரே பாட்டியிடம் இருக்கும்வரை குறை சொல்ல ஒன்றுமில்லை.

'வீட்டில் வரவுக்குள் செலவு செய்கிறோம். அரசாங்கமும் அப்படிச் செய்தால் என்ன?' என்று கேட்பது வழக்கம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒப்புமை பாதி வழியில் நின்றுவிடுகிறது. வீட்டுத் தலைவர் மூப்படைவார், மறைவார். அரசாங்கம் தொடர்ந்து நிற்கும். வீட்டில் செலவைக் குறைத்தால் சம்பளம் குறையாது. நாடு நொடித்திருக்கும்போது அரசாங்கம் செலவைக் குறைத்தால் எல்லார் சம்பளமும் குறையும். சுதந்திர இந்தியாவின் முதல் வரவு செலவுத் திட்டத்தைக் கோயம்புத்தூர்க்காரரான ஆர். கே. சண்முகம் செட்டியார் 1947 நவம்பர் 26இல் சமர்ப்பித்தார். ஏழரை மாதத்துக்கான அந்தக் கணக்கில் வரவு சுமார் 171 கோடி, செலவு சுமார் 197 கோடி. பிறந்த குழந்தையே பற்றாக்குறையோடு பிறந்தது. பிரிவினையில் வீடிழந்து வந்த லட்சக்கணக்கானவர்களைப் பார்த்து, 'வரவு வரட்டும், பிறகு சோறு போடுகிறோம்' என்று சொல்லியிருக்க வேண்டுமா? பெருந்தொற்று வந்த 2020-21இல் மத்திய அரசின் பற்றாக்குறை நாட்டு உற்பத்தியில் 9.2 சதவீதம் வரை போயிற்று. சுமார் 80 கோடிப் பேருக்கு இலவச தானியம் கொடுத்த ஆண்டு அது. அந்தக் கடனைக் குற்றம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அன்று பிழைத்தவர்களும் அவர்கள் பிள்ளைகளுமே அதைக் கட்டுவார்கள். பிழைக்க வைத்ததற்காகக் கட்டுவார்கள்.

ஆக, கேள்வி பற்றாக்குறை உண்டா இல்லையா என்பது அன்று. கல்லூரிக் கடனா, பந்தல் கடனா என்பதே. 1934இல் கட்டி முடிந்த மேட்டூர் அணையின் தண்ணீர் இன்றும் வயலுக்குப் பாய்கிறது. அது போன்ற ஒன்றுக்காகக் கடன் வாங்கிப் பேரனும் ஒரு பங்கு கட்டுவது நியாயம்; அவனும் அந்தச் சோற்றை உண்கிறான். அன்றாடச் செலவுக்கும், தேர்தலுக்கு முன் வாரி இறைப்பதற்கும் வாங்கிய கடனைப் பேரன் கட்டுவது, தாத்தா தின்ற சாப்பாட்டுக்குப் பேரனை உண்டியலில் காசு போடச் சொல்வது போன்றது. இந்த வேறுபாட்டுக்காகத்தான் அரசாங்கக் கணக்கில் வருவாய்ச் செலவு, மூலதனச் செலவு என்று இரண்டாகப் பிரிக்கிறார்கள். அந்தப் பிரிவும் தர்மத்தை முழுவதும் காட்டாது. ஆசிரியரின் சம்பளம் வருவாய்ச் செலவு. யாரும் நடக்காத பாலம் மூலதனச் செலவு. எது நாளைக்கு உதவும் என்று ஒரு குழந்தைகூடச் சொல்லும். இருந்தாலும் ஒன்றுமே பார்க்காமல் இருப்பதைவிட அந்தக் கோட்டையாவது பார்ப்பது நல்லது.

2025-26ஆம் ஆண்டுக்கான மத்திய அரசின் திட்ட மதிப்பீட்டைப் பாருங்கள். மொத்தச் செலவு சுமார் 50 லட்சத்து 65 ஆயிரம் கோடி. அதில் கடனாகப் பெறுவது சுமார் 15 லட்சத்து 69 ஆயிரம் கோடி. பழைய கடன்களுக்குக் கட்டவேண்டிய வட்டி மட்டும் சுமார் 12 லட்சத்து 76 ஆயிரம் கோடி. புதிதாக வாங்கும் ஐந்து ரூபாய் கடனுக்கு எதிரே, பழைய கடனின் வட்டியாக நான்கு ரூபாய் நிற்கிறது. செலவாகும் நான்கு ரூபாயில் ஒன்று, பள்ளிக்கூடமாகவோ மருந்தாகவோ மாறுமுன்பே வட்டியாகப் போய்விடுகிறது. இதில் எல்லாமே வீண் செலவின் வட்டி என்று சொல்ல முடியாது. சாலைகளும் ரெயில் பாதைகளும் அதற்குள் இருக்கின்றன. ஆனால் முந்தையவர்கள் நம்மைக் கேட்காமல் எழுதிய புரோநோட்டு எவ்வளவு கனமானது என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன.

அரசாங்கத்துக்கு வேறொரு வழியும் உண்டு. அதுதான் மிகவும் அபாயமானது. வெளியாரிடம் வாங்கிய கடனை நோட்டு அச்சடித்துத் தீர்க்க முடியாது. அதனால்தான் 1991இல் அந்நியச் செலாவணி வற்றியபோது, நம் நாடு ஜூலை மாதத்தில் சுமார் 47 டன் தங்கத்தை அந்நிய நாட்டுக்கு அனுப்பி அடகு வைத்தது. தாலியை அடகுக்கடைக்கு அனுப்பிய குடும்பம்போல் தேசம் கூனிக் குறுகியது. பின்பு அந்தக் கடன் அடைந்தது. அந்த அவமானம் எல்லார் கண்ணுக்கும் தெரிந்த அவமானம். சொந்த மக்களிடம் வாங்கிய கடனை மட்டும் கண்ணுக்குத் தெரியாமல் ஏமாற்றலாம். முதல் உலக யுத்தத்தில் ஜெர்மனி தன் மக்களிடம் யுத்தக் கடன் பத்திரங்களை விற்றது. தேச பக்தியோடு வாங்கினார்கள். 1923 நவம்பரில் ஒரு டாலருக்கு 4 லட்சத்து 20 ஆயிரம் கோடி மார்க் என்ற நிலை வந்தது. அரசாங்கம் சொன்ன சொல் தவறவில்லை. பத்திரத்தில் எழுதிய மார்க்கை அப்படியே கொடுக்கத் தயாராக இருந்தது. அந்த மார்க்கைக் கொண்டு ஒரு ரொட்டி வாங்க முடியவில்லை. கடனைக் கட்டியது போலக் காட்டி, கொடுத்தவன் தலையிலேயே அதை இறக்கிவிட்ட கதை அது. அவ்வளவு பெரிதாக இல்லாவிட்டாலும், விலைவாசி ஏறும் ஒவ்வோர் ஆண்டிலும் நம் பாட்டியின் நூறு ரூபாய் கொஞ்சம் கொஞ்சமாக இதே வழியில் கரைகிறது. வரி போட்டால் சட்டசபையில் கூச்சல் எழும். விலைவாசிக்கு எதிராகப் பாட்டி எந்தச் சபையில் எழுந்து நிற்பாள்?

தந்தையின் கடன் மகனைக் கட்டுப்படுத்தாது என்று 2005இல் சட்டம் சொன்னதைப் பார்த்தோம். அதற்கு முன்பும், குடிக்கும் சூதுக்கும் வாங்கிய கடனை மறுக்க மகனுக்கு உரிமை இருந்தது. ஒரு வீட்டுக்குள் இவ்வளவு நியாயம் பார்த்த நாம், ஒரு நாட்டுக்கு என்ன பார்க்கிறோம்? இன்று வாங்கும் 30 ஆண்டு, 40 ஆண்டுக் கடன் பத்திரங்களைக் கட்டப்போகிறவர்களில் பலர் இன்னும் பிறக்கவேயில்லை. அவர்களுக்கு ஓட்டு இல்லை. 'எதற்காக வாங்கினீர்கள்?' என்று கேட்கும் உரிமையும் அவர்களுக்கு இல்லை. 'இது சூதுக்கடன், கட்டமாட்டேன்' என்று மறுக்கும் வழியும் இல்லை. தந்தையின் கடனிலிருந்து விடுபட்ட அந்தப் பிள்ளை, அரசாங்கத்தின் கடனோடுதான் தொட்டிலில் கிடக்கிறான். கல்யாண வீட்டில் பரிமாறிய தம்பியாவது பந்தலைக் கண்ணால் பார்த்தான். இவன் பார்க்கப்போவது கணக்கை மட்டுமே.

அவனுக்காக யார் கேட்பது? இருப்பவர்கள் நாம்தாம். பிப்ரவரி இரண்டாம் தேதி பத்திரிகையைப் பிரித்ததும் சிகரெட் விலை ஏறியதா, வருமான வரி இறங்கியதா என்று பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறோம். இன்னும் இரண்டு எண்கள் அங்கே இருக்கும். கடன் வாங்கியதில் எவ்வளவு அன்றாடச் செலவுக்குப் போகிறது என்பது ஒன்று. பழைய கடனுக்கு எவ்வளவு வட்டி என்பது மற்றொன்று. 2025-26 மதிப்பீட்டில் வாங்கும் கடனில் மூன்றில் ஒரு பங்கு வருவாய்ப் பற்றாக்குறையை நிரப்பப் போகிறது. சென்ற ஆண்டு அது எவ்வளவு, இந்த ஆண்டு எவ்வளவு என்று ஒப்பிட்டுப் பார்க்கப் பட்டப்படிப்பு வேண்டியதில்லை. வாக்குக் கேட்டு வருகிறவர் ஓர் இலவசத்தைச் சொல்லும்போது, 'ஐயா, நல்லது. இதைக் கட்டுகிறவன் யார்?' என்று கேட்கவும் படிப்பு வேண்டியதில்லை. வரியாக நாங்களே கட்டுகிறோம் என்றால் அது ஈகை. பணக்காரர் கட்டுகிறார்கள் என்றால் அது பங்கீடு. அதன் நியாயத்தைத் தனியே வாதிக்கலாம். இன்னும் பிறக்காதவன் கட்டுவான் என்றால், அவனுக்கு அதில் என்ன கிடைக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் மேலே பேசவேண்டும்.

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் கூடக் கூட, எண்ணற்ற பந்தல்கள் சற்றுச் சிறியவையாகும். எங்கோ ஒரு தம்பி படிப்பைத் தொடர்வான்.